திருநீறு இல்லாத போலீஸ்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். பச்சைப் பொய். நுனியெல்லாம் இல்லை, மூக்கைத் தாண்டி நாலு விரற்கடை வெளியே நிற்கும். அதனால்தான் என் தங்கச்சி அந்த விளையாட்டை என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். "எல்லார்ட்டயும் எரிஞ்சு எரிஞ்சு விழாம இதை வெளாடுக்கா. மனசு அமைதியாகும்" என்றாள். நல்ல அமைதி! எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு அவள் பாட்டுக்கு ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போய்விட்டாள்.

விளையாட்டு இதுதான். ஒரு பழைய அடுக்குமாடி வீடு. வாசல் காவல் நாம். மணி அடிக்கும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் வந்து நிற்கும். பார்த்தால் மூணாவது மாடி டீச்சர் மாதிரியே இருக்கும். அதே கொண்டை, அதே மூக்குக் கண்ணாடி. ஆனால் காதில் ஒரு கம்மல் குறையும். அல்லது மச்சம் இடப் பக்கத்திலிருந்து வலப் பக்கத்துக்கு மாறியிருக்கும். அல்லது எல்லாம் சரியாக இருந்து நிழல் மட்டும் விழாது. அசல் ஆள் என்றால் பச்சைப் பொத்தான், போலி என்றால் சிவப்பு. போலிக்குக் கதவைத் திறந்துவிட்டோமோ, போச்சு! விளக்கு அணையும். பாட்டு நிற்கும். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. அந்தக் கொஞ்ச நேரம்தான் கொடுமை. அப்புறம் திரை முழுக்க ஒரு வாய் வரும். முதல் தடவை அந்த வாயைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணாச்சி கையில் ஸ்பானரோடு ஓடி வந்தார்.

"யாரும்மா? திருடனா?"

"இல்ல அண்ணாச்சி, கேமு."

அவர் ஸ்பானரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிப் போனார்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். குக்கர் எத்தனை விசில் அடித்ததென்று தெரியாது, சோறு களியாகும். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டுத் தானே ஓய்ந்து போகும். நான் அசையவே மாட்டேன். டீச்சருக்குக் கம்மல் குறைகிறதே, அதைவிடப் பால் பெரிசா? எங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான். அவர் ஒரு நாள் களிச் சோற்றை உருட்டிக்கொண்டே, "இன்னைக்கு எத்தனை போலி பிடிச்ச?" என்று கேட்டார். எத்தனை என்று பெருமையாகச் சொன்னேன். "அரிசியில கல்லு பிடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார். கிண்டலாம்!

கொஞ்ச நாளில் நான் புலியாகிவிட்டேன். போனுக்கு உள்ளே மட்டும் இல்லை, வெளியேயும். முந்திரிப்பருப்பில் செய்கிற மக்ரூன் வாங்கப் போனால் ஒன்றை வாயில் போட்டதுமே கண்டுபிடித்துவிடுவேன். "அண்ணாச்சி, இது முந்திரிப்பருப்பு இல்ல. நெலக்கடலை. யாருகிட்ட?" கடைக்கார அண்ணாச்சி என்னைக் கண்டாலே வேறு டப்பாவைத் திறக்க ஆரம்பித்தார். ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் வீட்டுக்காரரின் சித்தி கழுத்தில் முத்துமாலை போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொருவரிடமும் "கடல்ல எடுத்த முத்தாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் முத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும். நரநரவென்று இருந்தால் அசல், வழுவழுவென்று வழுக்கினால் போலி. நான் பாட்டுக்கு ஆசீர்வாதம் வாங்குகிற மாதிரிக் குனிந்து மாலையைப் பிடித்துப் பல்லில் ஒரு தேய்ப்பு தேய்த்தேன். சித்தி அலறின அலறலில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். முத்து போலிதான், வழுக்கியது. ஆனால் அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

தங்கச்சிதான் என்னை மண்டபத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர். "நான் போயிட்டா உன்னய யாருக்கா இழுத்துட்டு வருவா?" என்றாள்.

அவள் போகப் போகிறாள், அதுதான் விஷயம். அப்பா அம்மா இல்லை, நர்சிங் முடித்த நாளிலிருந்து முத்தையாபுரத்தில் என் வீட்டில்தான் இருக்கிறாள். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அந்த மாசம் முடிவதற்குள் பாஸ்போர்ட்டைக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் வரிசையில் அடுத்தவளுக்குப் போய்விடும். இதற்கு முன்னால் ஒரு வேலை அப்படித்தான் போனது. அன்றைக்கு அவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை நான் மறக்கவில்லை. இப்போது எல்லாம் முடிந்து போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. தினமும் டூட்டிக்குக் கிளம்பும்போது படியில் நின்று பாடம் எடுப்பாள்.

"யக்கா, போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு எந்நேரமும் வருவாக. ஒழுங்கா பதில் சொல்லு. கோவப்படாத. வீட்டுல ஆளு சரியில்லன்னு எழுதிட்டுப் போயிட்டாவன்னா என் கதை முடிஞ்சு."

"எனக்குத் தெரியாதாட்டி? அதெல்லாம் போன் பண்ணிட்டுத்தான் வருவாக."

"வந்தா தண்ணி குடு. நாற்காலி போடு."

"போளா, போய் ஊசி போடு. எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா."

எல்லாம் சரி. ஆனால் அது தசரா நேரம்.

எங்கள் பக்கத்தில் குலசை தசரா வந்துவிட்டால் வாசலில் வந்து நிற்கிறவர் யார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அம்மனிடம் வேண்டிக்கொண்டவர்கள் கையில் காப்புக் கட்டி, விரதம் இருந்து, ஆளுக்கொரு வேஷம் போட்டு வீடு வீடாக வந்து காணிக்கை கேட்பார்கள். வாங்கினதைக் கடைசி நாள் குலசைக் கோயிலுக்குக் கொண்டுபோய் உண்டியலில் போட வேண்டும். காளி வருவாள், எமன் வருவான், குரங்கு வரும், குறத்தி வருவாள், அந்தக் குறத்திக்கு மீசையும் இருக்கும். போலீஸ் வேஷத்துக்குப் பஞ்சமே கிடையாது, காக்கிச் சட்டை வாடகைக்குக் கிடைக்கும் அல்லவா. பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணாச்சி வருஷம் தவறாமல் காளி. நாம் காணிக்கை போட்டால் அவர்கள் நம் நெற்றியில் திருநீறு பூசிவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மனுஷர்கள் இல்லை, அம்மன் என்று கணக்கு. நேற்று டீக்கடையில் கடன் சொன்ன ஆளாக இருந்தாலும் கும்பிட்டுத்தான் காணிக்கை போடுவோம்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மணி ஓயவில்லை. ஒரு எமன், ஒரு ஜோடிக் குரங்கு, ஒரு ராஜா, ஒரு போலீஸ் எல்லாம் வந்து போயிருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு விளையாட்டோடு உட்கார்ந்தேன். கஷ்டமான கட்டம். கண்ணாடிக்கு வெளியே டீச்சர், எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் என்னவோ ஒன்று இடிக்கிறது. எது? எது? மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், டிங் டாங் என்று மணி. போனில் இல்லை, வீட்டு மணி.

கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் மறுபடி ஒரு போலீஸ்.

"காணிக்கையா அண்ணாச்சி? இருங்க, சில்லறை எடுத்துட்டு வாரேன்."

"காணிக்கை இல்லம்மா. நான் ஸ்டேஷன்லருந்து வாரேன்."

"சரிதான். காலைல ஒருத்தரு எமலோகத்துலருந்து வந்தாரு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்ச் சாமி மாடத்திலிருந்து சில்லறை எடுத்து வந்தேன். கம்பி வழியாக நீட்டினேன். அந்த ஆள் வாங்கவில்லை. நீட்டின கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கூச்சப்படுகிறார் போலிருக்கிறது, முதல் வருஷ வேஷம் என்று நினைத்து, சில்லறையை அவர் கையில் வைத்திருந்த பையின் மேலேயே வைத்துவிட்டு, நெற்றியைக் கம்பிப் பக்கம் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டேன்.

"திருநீறு பூசுங்க."

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தேன். அவர் அப்படியே நிற்கிறார்.

"திருநீறு எங்க?"

"திருநீறு இல்லம்மா."

திருநீறு இல்லையா? அந்த நொடியில் என் காதுக்குள் விளையாட்டின் பாட்டு ஓட ஆரம்பித்தது, நிஜமாகச் சொல்கிறேன். கண் தானாக வேலை செய்தது. கை மணிக்கட்டைப் பார்த்தேன், காப்பு இல்லை. காலைப் பார்த்தேன், பாலிஷ் போட்ட பூட்ஸ். விரதக்காரன் எவனாவது செருப்புப் போடுவானா? காணிக்கைத் தட்டு இல்லை. கிட்டே நெருங்கி மூக்கை உறிஞ்சினேன். லேசாக ஒரு வாசம்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டீரு?"

"என்னம்மா?"

"என்ன சாப்பிட்டீருன்னு கேக்கேன்."

பாவம், மனுஷன் உண்மையைச் சொன்னார். "சாள மீன் கொழம்பு. ஏம்மா?"

"சாள மீன் கொழம்பு! விரதத்துல!" எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. அத்தனை அடையாளமும் பொருந்துகிறது. காப்பில்லை, திருநீறில்லை, மீன் தின்றிருக்கிறான். இவன் வேஷக்காரனே இல்லை, அம்மன் பேரைச் சொல்லிக் காசு பிடுங்குகிற திருட்டுப் பயல்! போலி வேஷம்! "அந்த வயித்துல கட்டியிருக்க தலவாணிய முதல்ல அவுத்துப் போடும்" என்றேன்.

"இது தலவாணி இல்லம்மா" என்றார். குரலில் ஒரு வருத்தம் இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்து, என் தங்கச்சி பேரைச் சொல்லி, "இவங்க வீட்டுல இருக்காங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். இருந்த கொஞ்ச நஞ்ச நிதானமும் பறந்தது.

"கல்யாணம் ஆகாத பிள்ள பேரை எங்கன போய்க் கேட்டு வச்சிருக்கீரு? ஆம்பளை இல்லாத நேரம் பார்த்து வாரீரோ?" கிரில் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினேன். "ஓடியாங்க! போலி வேஷம்! அம்மன் பேரைச் சொல்லி ஏமாத்துதான்! ஓடியாங்க!"

தெருமுனையில் எங்கள் பகுதி வேஷக்காரர்களின் தசரா செட் மேளத்தோடு வந்துகொண்டிருந்தது. என் சத்தம் கேட்டு மேளத்தோடேயே ஓடி வந்தார்கள். முன்னால் காளி, மரக் கைகள் இரண்டு பக்கமும் ஆட, தகர வாளைத் தூக்கிக்கொண்டு. குரங்குகள் இரண்டும் காம்பவுண்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்தன. எமன் வாசலை மறித்தான். நான் கம்பிக்குப் பின்னால் நின்று, "விடாதீங்க! காப்பு இல்ல, பாருங்க! மீன் தின்னுருக்கான்!" என்று குதிக்கிறேன். ஒரு ஆயிரம் போலிகளைச் சேர்த்துப் பிடித்த சந்தோஷம் எனக்கு.

அப்போது ஒரு காரியம் நடந்தது. செட்டில் போலீஸ் வேஷம் போட்டிருந்தவன் உப்பளத்தில் வேலை பார்க்கிற பையன்தான், அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். இந்த ஆளின் முகத்தைப் பார்த்தான். படக்கென்று விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தான். அவரும் பழக்கதோஷத்தில் திருப்பி அடித்துவிட்டார்.

காளி ஏதோ சொல்ல வந்தாள். வாயில் மாட்டியிருந்த நாக்கு தடுத்தது. நாக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோ அண்ணாச்சி சொன்னார்.

"எம்மா. இது நெச ஏட்டையா. போன மாசம் என் ஆட்டோவுக்கு பைன் போட்டதே இவியதான்."

மேளம் நின்றது. விளையாட்டில் பாட்டு நிற்குமே, அதே மாதிரி. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. சுவரில் இருந்த குரங்கு வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டது. அப்புறம் ஏட்டையாவின் வாய் திறந்தது.

"பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன்" என்றார்.

ஐயோ, அந்த வாய்! போனில் வருகிற வாயெல்லாம் இதற்கு முன்னால் தூசு. தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று தங்கச்சி சொன்னது ஞாபகம் வந்தது. சாவியை இடுப்பில் தேடுகிறேன், அது வழுக்கிச் சேலைக்குள் போய்விட்டது. "ஏட்டையா, ஒரு நிமிஷம், நாற்காலி... தண்ணி..." என்று உளறுகிறேன். அவர் பையின் மேல் நான் வைத்த சில்லறையை எடுத்துக் கம்பி இடுக்கு வழியாக வீட்டுத் தரையில் அடுக்கி வைத்தார். "அவங்க போன் சுவிட்ச் ஆஃப். அதான் நேர்ல வந்தேன். நாளைக்கு ஆதாரோட ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்க. அக்கம் பக்கத்துல சாட்சி ஒரு ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனார். எமன் மரியாதையாக வழிவிட்டான்.

தங்கச்சி அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டர் டூட்டி, அதனால்தான் போனை அணைத்து வைத்திருந்தாள். சாயங்காலம் வந்ததும் நானே சொன்னேன், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால். சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டாள். முகத்தில் ஒரு அசைவு இல்லை. எல்லாம் முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"திருநீறு கேட்டியா?"

"ஆமா."

"தலவாணிய அவுக்கச் சொன்னியா?"

"ஆமாட்டி."

சிரிக்க ஆரம்பித்தாள். எப்படி! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் கையால் அடித்து. எனக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் அடுப்படியில் உருண்டோம். அப்புறம் பார்த்தால் அவள் அழுதுகொண்டிருக்கிறாள். எப்போது மாறியதென்று தெரியவில்லை. "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேக்கா" என்றாள். நான் கோபக்காரிதான், ஆனால் அவள் அழுதால் எனக்கு ஒரு கோபமும் மிச்சம் இருக்காது.

சாமி மாடத்துக்கு முன்னால் போய் நின்றேன். "அம்மா, இவ பாஸ்போர்ட் கைக்கு வந்துரட்டும். அடுத்த தசராவுக்கு நானே காப்புக் கட்டிப் போலீஸ் வேஷம் போட்டு வீடு வீடா வாரேன். அந்த ஏட்டையா வீட்டு வாசல்லயும் போய் நின்னு கேக்கேன்" என்று சத்தமாகவே சொன்னேன். தங்கச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "மீன் திங்காம உன்னால இருக்க முடியாது, பாத்துக்க" என்றாள்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனோம். சாட்சிக்கு ஆட்டோ அண்ணாச்சியைக் கூப்பிட்டால், அவர் விடியக்காலையிலேயே வேஷம் கட்டிவிட்டார். கலைத்தால் திரும்பக் கட்ட அரை நாளாகும், செட் காத்திருக்கிறது. அதனால் காளியாகவே வந்தார். ஆட்டோவையும் அவரேதான் ஓட்டினார். ரவுண்டானாவில் ஒரு பஸ் டிரைவர் எங்களைக் கும்பிட்டுவிட்டு வழிவிட்டார்.

ஏட்டையா மேஜைக்குப் பின்னால் இருந்தார். என்னை ஒரு பார்வை. அப்புறம் அண்ணாச்சியின் ஆதாரை வாங்கி, படத்தைப் பார்த்தார், காளியைப் பார்த்தார். மறுபடி படம், மறுபடி காளி.

"இது நீருதானா?"

"நாந்தான் ஏட்டையா."

"எப்படி நம்ப?"

"பேசுதனே, இது என் சத்தந்தான்."

ஏட்டையா பெருமூச்சு விட்டார். "ஆமா. இந்தச் சத்தத்த மறக்க முடியுமா" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். காளி பேனாவைப் பிடிக்கத் தகர வாளை என் கையில் கொடுத்தாள். நான் வாளோடு நின்றேன்.

அடுத்தது தங்கச்சியின் ஆதார். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆதார் படத்தில் யார்தான் அவரவர் மாதிரி இருக்கிறார்கள்? அதில் அவள் ஏதோ ஆட்டைத் திருடி அகப்பட்டவள் மாதிரி இருப்பாள். ஏட்டையா படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நீளமாகப் பார்த்தார். என் காதில் அந்தப் பாட்டு. ஐயா சாமி, பச்சையை அமுக்குங்க, பச்சையை அமுக்குங்க! அவர் படத்தை என் பக்கம் திருப்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. ஒரிஜினலா, போலியா? நீங்கதான் இதுல கெட்டிக்காரியாச்சே."

"ஒரிஜினல் ஏட்டையா!" என்று ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. "புருவத்துக்குள்ள தழும்பு இருக்கு பாருங்க, நாலு வயசுல அம்மி மேல விழுந்தா. இடது காதுல ரெண்டு ஓட்டை, ஒண்ணு தட்டான் தப்பாக் குத்தினது. தூக்கத்துல பேசுவா. பொய் சொன்னா மூக்கு மட்டும் வேர்க்கும். சுண்டுவிரல் நகம்..." தங்கச்சி என் தொடையில் கிள்ளின கிள்ளு இன்றைக்கும் எரிகிறது. "எனக்குக் கூடப்பொறந்தது இவளைத் தவிர வேற யாரும் இல்ல ஏட்டையா. நான் செஞ்ச கூத்துக்கு இவ வேலை போயிரக்கூடாது" என்று முடித்தேன். கையில் வாளோடு அழுதேன்.

ஏட்டையா எதையோ எழுதினார். "ரிப்போர்ட் மேல போகும். நீங்க போகலாம்" என்றார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பச்சையா சிவப்பா என்று சொல்லாமலே அனுப்பிவிட்டார். பாவி மனுஷன்!

அதற்கப்புறம் நான் விளையாட்டைத் தொடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். வருகிற போலீஸ் வேஷத்துக்கெல்லாம் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. மாசக் கடைசி நெருங்க நெருங்கத் தங்கச்சி பேச்சையே குறைத்துவிட்டாள். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் மணி அடித்தது. தபால்காரர், கையில் உறை.

என்னால் ஆகவில்லை, கேட்டேவிட்டேன். "அண்ணாச்சி, நெசமாவே தபாலா? வேஷம் இல்லையே?"

"தசரா முடிஞ்சு எத்தனை நாளாச்சும்மா" என்றார் அவர். தங்கச்சி எனக்குப் பின்னாலிருந்து பாய்ந்து உறையைப் பிடுங்கினாள். பிரித்தாள். நீல அட்டை. அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தபால்காரரைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். அவர் தொப்பி வாய்க்காலில் விழுந்தது, பாவம், எடுத்து உதறிக்கொண்டு அவரும் சிரித்தார்.

அவள் மஸ்கட் போய்விட்டாள். வீடு என்னமோ பெரிசாகிப்போன மாதிரி இருந்தது. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் எனக்குக் கோபம்கூடக் குறைந்துபோயிற்று.

அடுத்த தசரா வந்தது. காப்புக் கட்டினேன். மீன் இல்லாமல் இருந்தேன், அந்தக் கஷ்டத்தைத் தனியாக எழுத வேண்டும். வாடகைக் காக்கிச் சட்டை தொளதொளவென்று இருந்தது. கண்மையில் மீசை வரைந்துகொண்டேன். கண்ணாடியில் பார்த்து எனக்கே பயம். தங்கச்சி வீடியோ காலில் பார்த்துவிட்டு, "யக்கா, அப்படியே நம்ம அப்பா" என்று கத்தினாள்.

வெறுங்காலோடு தெருத் தெருவாகப் போய்க் கடைசியில் போலீஸ் குடியிருப்புக்கு வந்தேன். ஏட்டையா வீட்டு மணியை அடித்தேன். கிரில் கதவுக்கு உள்ளே லுங்கியும் பனியனுமாக ஒருவர் வந்து நின்றார். ஒரு நொடி எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்புறம் வயிற்றைப் பார்த்தேன். தலையணை இல்லை, அவரேதான்.

"குலசை அம்மனுக்குக் காணிக்கை போடுங்க ஐயா" என்றேன்.

அவர் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கமே நின்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மீசையில் கொஞ்ச நேரம் நின்றது பார்வை.

"காப்பு?"

கையைத் தூக்கிக் காட்டினேன்.

"செருப்பு?"

காலைக் காட்டினேன். தார் ரோட்டில் நடந்து பாதம் கருகியிருந்தது.

"மத்தியானம் என்ன சாப்பாடு?"

"தயிர்ச் சோறு ஏட்டையா. ஊறுகாய்கூட இல்ல."

"திருநீறு?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டவில்லை. "ஒண்ணு தப்பா இருக்கு" என்றார். எதை மறந்தேன்? எது குறைகிறது? அவர் கம்பி வழியாகக் கையை நீட்டி, என் சட்டையில் தொங்கின விசில் கயிற்றை ஒரு தோளிலிருந்து கழற்றி மறு தோளில் மாட்டினார். பெல்ட்டில் ஒரு துவாரம் தள்ளிக் குத்தச் சொன்னார். குத்தினேன். ஒரு அடி பின்னால் போனார். லுங்கியை இறக்கிவிட்டு, வெறுங்காலைச் சேர்த்து வைத்து, விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. திருப்பி அடிக்கக் கையைத் தூக்கினேன். மீசை கரைந்து வாய்க்குள் வழிந்தது, கண்மை உப்புக் கரித்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கம்பி வழியாக அவர் நெற்றியில் திருநீறு பூசினேன். அவர் கண்ணை மூடிக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

"தங்கச்சி எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா ஏட்டையா. அரபியில திட்டப் படிச்சிட்டா."

அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். உள்ளே திரும்பி, "ஏளா, மோர் கொண்டா" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார். அப்புறம் பூட்டைத் திறந்து, கிரில் கதவை அகலமாகத் தள்ளிவிட்டார்.

"உள்ள வாங்க" என்றார். "ஒரிஜினல்தான்."